இடக்கையனின் விலை

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு இன்னும் எழுபத்தொரு மணித்தியாலம் இருந்தது. அதற்குள் ரூஜ் ஹெறன்ஸ் பேஸ்போல் அணி தன் இருபத்திரண்டு ஆட்டக்காரரின் பெயரையும் சம்பளத்தையும் லீக்கின் இணையத்தளத்தில் ஏற்றிவிட வேண்டும். ஐந்து மணிக்குப் பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. கோடைகாலம் முழுவதும் அந்தப் பட்டியலோடு மாரடிக்க வேண்டியதுதான்.

ஹெறன் என்றால் கொக்கு. ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் இருக்கிற தமிழர்கள் அணியைக் கொக்குகள் என்றே சொன்னார்கள். போன வருடம் நாற்பத்திரண்டு ஆட்டத்தில் ஒன்பதை வென்ற பிறகு வேறு பெயர்களும் சொன்னார்கள்.

அணியின் முதலாளி நவரட்ணம் வீடு விற்பவர். பஸ் தரிப்பிட வாங்குகளில் ஒட்டிய விளம்பரப் படங்களில் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருப்பவர். ஹெறன்ஸை அவர் தேடிப் போய் வாங்கவில்லை. பழைய முதலாளி புளோரிடாவுக்குப் போகத் தன் வீட்டை நவரட்ணத்திடம் விற்றபோது, உடுப்புத் துவைக்கிற மெஷினையும் காய வைக்கிற மெஷினையும் விட்டுப்போவதுபோல அணியையும் விட்டுவிட்டுப் போனார். நவரட்ணத்துக்குப் பேஸ்போல் தெரியாது. ஆனால் கையில் வந்த சொத்தை அவர் ஒருநாளும் சும்மா கைவிட்டது கிடையாது.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு அவருடைய அலுவலகத்தின் பெரிய மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். நவரட்ணம் மேசையின் ஒரு தலைப்பில். மற்றத் தலைப்பில் அவருடைய அக்காவின் மகன் பிரவீனன். அணியின் பொது முகாமையாளர் என்று விசிட்டிங் காட் அடித்து வைத்திருப்பவன். நடுவில் நவரட்ணத்தின் மனைவி யோகராணி, காசோலைப் புத்தகத்தோடு. அவருக்கு எதிரே பக்கத்து ஊரான விட்பியிலிருந்து வந்த பயிற்சியாளர் அன்ட்ரூ. முப்பது வருடமாக எறிகிற பந்தைப் பிடிக்கிற கட்சராகக் குந்தியிருந்ததில் முழங்கால் போய், இப்போது கதிரையில் இருக்கவும் மாட்டார், நிற்கவும் மாட்டார். மேசையின் மூலையில் லப்ரொப்புக்குப் பின்னால் அட்சயா.

அட்சயாவுக்கு இருபத்து நான்கு வயது. புள்ளிவிவரவியல் படித்தவள். கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் லப்ரொப்பைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவாள். பதினான்கு மாதமாகச் சனி ஞாயிறுகளில் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து ரெயில் ஏறி வந்து, எந்த ஆட்டக்காரன் எவ்வளவு பெறுமதி என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தாள். அதற்கு அணி கொடுத்தது ரெயில் காசும் ஒரு தொப்பியும். இந்த வருடம்தான் முதல்தடவையாகப் பட்டியலின் கடைசி வரியில் அவளுக்கும் ஓர் இடம் வந்திருந்தது: தரவு ஆய்வாளர், நாற்பத்தோராயிரம் டொலர். அதை நம்பி அவள் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் செய்துகொண்டிருந்த வேலைக்கு விலகல் கடிதம் கொடுத்துவிட்டாள். அங்கே அவளுக்குக் கடைசி நாளும் அதே வெள்ளிக்கிழமை. அவளுடைய இடத்துக்கு ஆள் எடுத்தும் ஆகிவிட்டது.

நவரட்ணத்தின் சட்டம் ஒன்றுதான். எல்லாமாகச் சேர்த்து மூன்று லட்சம். ஆட்டக்காரர், பஸ், பந்து, மட்டை, அட்சயா, எல்லாம் அதற்குள். அதற்கு மேலே ஒரு சதம் கிடையாது. பெரிய அணி ஒரே ஓர் ஆட்டக்காரனுக்கு ஒரு கிழமையில் கொடுக்கிற காசு அது என்று அன்ட்ரூ ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பெரிய அணியும் தோற்கத்தானே செய்கிறது, நாங்கள் மலிவாகத் தோற்கிறோம் என்றார் நவரட்ணம்.

அன்றைய பேச்சு இடக்கையனைப் பற்றி. ஒரு நல்ல இடக்கைப் பந்தெறிகாரன் சந்தைக்கு வந்திருந்தான். அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. அந்த மேசையில் ஒருவரும் அதை உச்சரித்ததில்லை. அவனுடைய ஏஜென்ட் ஷரோன் முப்பத்து நாலாயிரம் கேட்பதாகப் பிரவீனன் சொன்னான். எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள். அட்சயா லப்ரொப்பைப் பார்த்தே முப்பத்தோராயிரம் என்று சொன்னாள். முழங்கையில் சத்திரசிகிச்சை செய்திருக்கிறது, வேகமும் குறைந்திருக்கிறது, அதற்கு மேலே போகக்கூடாது என்றாள்.

எப்போது சத்திரசிகிச்சை என்று நவரட்ணம் விசாரித்தார். இரண்டு வருடத்துக்கு முதல். அவர் யோசித்தார்.

"அப்ப புதுக்கூரை போட்ட வீடு மாதிரி," என்றார். "அது விலையைக் கூட்டுமே ஒழியக் குறைக்காது."

பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர்போல, வேண்டாம், விலை கூட, இடக்கையனை விட்டுவிடுவோம் என்று முடித்தார். பிரவீனனும் உடனே தலையாட்டினான். மாமாவும் மருமகனும் ஒரு விஷயத்தில் இவ்வளவு கெதியாக ஒத்துப்போனதை அட்சயா அதுவரை பார்த்ததில்லை. அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பரிசோதனைக்கூடத்துக்கு நவரட்ணம் ரெலிபோன் எடுத்தார். இடக்கையனை விடுகிறதாவது. நேற்றுச் சொன்னதெல்லாம் பிரவீனனுக்காக. பிரவீனனுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் கோப்பிக் கடை முழுவதுக்கும் தெரியும், பிறகு விலை ஏறும். ஆகவே வேறு ஆள் முந்தமுதல், கேட்டதுக்கு மேலே முப்பத்தாறாயிரத்துக்கு ஒரு ஓஃபர் அடி. அணியின் பெயரில் வேண்டாம், கம்பனியின் பெயரில் போடு.

வீடு வாங்கும்போதும் அவர் அப்படித்தான். நவரட்ணம் என்று பெயரைப் போட்டால் மற்ற முகவர்மார் மணந்துபிடித்துவிடுவார்கள் என்று, பெயரே இல்லாமல் வெறும் இலக்கம் மட்டும் உள்ள ஒரு கம்பனியின் பெயரில் ஓஃபர் போடுவார். சட்டப்படி ஹெறன்ஸுக்குச் சொந்தக்காரனும் அந்த இலக்கம்தான். மருத்துவப் பரிசோதனை என்று ஒரு நிபந்தனை போடலாமா என்று அட்சயா கேட்டாள். கொண்டிஷன் போட்ட ஓஃபரை ரொறன்ரோவில் ஒருத்தரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள் என்று அவர் விளங்கப்படுத்தினார்.

"பிள்ளை, உது எனக்கும் உனக்கும் இடையிலை. பிரவீனனுக்கு மூச்சுக்காட்டாதை."

அட்சயா ஓம் அங்கிள் என்றாள்.

பன்னிரண்டரைக்குப் பிரவீனன் எடுத்தான். மாமாவுக்கு இந்த விளையாட்டு விளங்காது, இடக்கையன் இல்லாமல் இந்த வருடமும் ஒன்பது வெற்றிதான். அவனைப் பிடித்துக் கொண்டுவந்து வெள்ளிக்கிழமை மேசையில் வைத்தால்தான் மாமா தன்னை ஒரு ஆளாக மதிப்பார். அணியின் கடிதத்தாளில் முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு ஓஃபர் அடியும், மாமாவுக்குச் சொல்லவேண்டாம், அது சர்ப்ரைஸ்.

அட்சயா வாயைத் திறந்தாள். திறந்த வாய் ஓம் அண்ணா என்றது. இரண்டு பேரிடமும் ஓம் என்று சொல்லிய பிறகுதான் அவள் கையிலிருந்த சான்விச்சைப் பார்த்தாள். அதைச் சாப்பிட முடியவில்லை.

ஷரோன் இரண்டு ஓஃபருக்கும் ஒரே மாதிரிப் பதில் போட்டார். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இன்னொரு தரப்பும் ஆர்வம் காட்டுகிறது. இதே நகரம். பெயர் சொல்ல முடியாது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இலக்கத்துக்குப் பின்னால் யார் என்று ஷரோன் தேடிப் பார்க்கவில்லை. பத்து வீதக் கமிஷன்காரருக்கு அப்படித் தேடுகிற பழக்கம் இருப்பதில்லை.

அதன் பிறகு விலை தானாகவே நடந்தது. புதன் பின்னேரத்துக்குள் நவரட்ணம் நாற்பத்தைந்து, பிரவீனன் நாற்பத்தெட்டு. வியாழன் காலை ஐம்பத்தாறு, அறுபத்தொன்று. அட்சயா ஒரு கையால் ஏற்றியதை மற்றக் கையால் முந்திக்கொண்டிருந்தாள். பரிசோதனைக்கூடத்தில் இரண்டு குழாய்களுக்குப் பெயர் ஒட்டும்போது அவள் ஒருநாளும் பிழை விட்டதில்லை. இங்கேயும் விடவில்லை. கம்பனிக்கு ஒரு கோப்பு, அணிக்கு ஒரு கோப்பு, கூட்டத்தில் எல்லாருக்கும் காட்டுவதற்கு இடக்கையன் இல்லாத மூன்றாவது கோப்பு. மூன்றும் சதத்துக்குச் சரி.

விலை ஏற ஏற வேறு எங்கேயோ வெட்ட வேண்டும். மூன்று லட்சம் மூன்று லட்சம்தான். எதை வெட்டலாம் என்று இரண்டு பேரும் தனித்தனியாக அவளைக் கேட்டார்கள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவள். முதலில் மாற்றுக் கட்சர் போனான். பிறகு மூன்றாவது பேஸில் நிற்கிறவன் போனான். அந்த இடத்தில் யாராவது சும்மா நின்றால் போதும் என்றார் நவரட்ணம். அங்கே பந்து எப்போதாவதுதான் போகும் என்றான் பிரவீனன். பிறகு பஸ். வெளியூர் ஆட்டங்களுக்குப் பெடியள் தங்கள் தங்கள் காரில் வரட்டும். ஒரே வெட்டை இரண்டு பேரும் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்தார்கள். இரண்டு பேரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள்.

வியாழன் மத்தியானம் எழுபதில் வந்து நின்றது. அப்போது இரண்டு பேரும் ஜதுர்சனில் கை வைத்தார்கள்.

ஜதுர்சன் அணியின் கட்சர். அஜக்ஸில் பிறந்து வளர்ந்தவன். பதினாலாயிரம் டொலருக்கு ஆடுகிறவன். அட்சயாவின் கணக்கில் அவன் முப்பதாயிரம் பெறுவான். வேறு அணிகள் கேட்டும் போகாமல் இருந்தான், எங்கட அணி என்று. அதுதான் அவன் விட்ட பிழை.

"எங்கட பெடியன்தானே, கோவிக்கமாட்டான். கூப்பிட்டுச் சொன்னால் விளங்கிக்கொள்ளுவான்," என்றார் நவரட்ணம். கால் மணித்தியாலம் கழித்துப் பிரவீனனும் ஏறக்குறைய அதையே சொன்னான், கூடவே ஒரு சாப்பாட்டுக் கூப்பன் கொடுத்துச் சமாளிக்கலாம் என்றான்.

வெளி ஆள் என்றால் வக்கீல் கடிதம் வரும், ஏஜென்ட் கத்துவார், லீக்கில் முறைப்பாடு போகும். எங்கட ஆள் என்றால் ஒரு ரெலிபோன் போதும். எங்கட என்ற அந்தச் சொல்லுக்கு இந்த மேசையில் என்ன விலை என்று அட்சயா கணக்குப் பார்த்தாள். ஜதுர்சனுக்கு அது பதினாறாயிரம் டொலர் நட்டம். பதினான்கு மாதம் ரெயில் காசுக்கு வேலை செய்த தனக்கு எவ்வளவு என்று பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

அன்று பின்னேரம் அவள் சொல்லத் துணிந்தாள். ரெயிலில் போகும்போது நாலு வசனம் தயார்பண்ணி, எக்ளிங்ரன் ஸ்ரேசன் தாண்டும்போது இரண்டாகக் குறைத்து, அஜக்ஸில் இறங்கும்போது ஒன்றாக்கிக்கொண்டு நவரட்ணத்தின் அறைக்குள் போனாள். அங்கிள், அந்த மற்ற ஓஃபர் என்று தொடங்கினாள்.

நவரட்ணம் கையை உயர்த்தினார். மற்ற ஆளைத் தான் நேற்றே மணந்துபிடித்துவிட்டதாகச் சொன்னார். விட்பிக்காரன். அவனுடைய ஓஃபர் ஏறுகிற விதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கணக்கு வழக்குத் தெரியாத, அப்பன் தேடின காசில் ஆடுகிற ஒரு மோடன். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிற தனக்கு ஆளை முகம் பார்க்காமலே சொல்ல முடியும் என்றார். அட்சயா தயார்பண்ணிய வசனத்தோடு வெளியே வந்தாள்.

வாசலில் பிரவீனன் நின்றான். அவளை வாகனத் தரிப்பிடத்துக்குக் கூட்டிப்போய், மற்ற ஓஃபர்காரன் யார் என்று தனக்குத் தெரியும் என்று இரகசியமாகச் சொன்னான்.

"உவன் ஆரோ வயசுபோன விசரன். காசு கூடினால் மூளை குறைஞ்சிடும் எண்டதுக்கு உவன்தான் சாட்சி."

அவள் மேல்மாடி யன்னலைப் பார்த்தாள். வயதுபோன ஆள் அங்கே நின்று இரண்டு பேருக்கும் கைகாட்டினார். பிரவீனனும் சிரித்துக்கொண்டு கைகாட்டினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பரிசோதனைக்கூடத்தில் ஒரு கேக் வெட்டினார்கள். கூட வேலை செய்த நிரூபா, பேஸ்போல் அணியில் வேலையா, அதிஷ்டக்காரி என்றாள். அட்சயா கேக்கைச் சாப்பிட்டு, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, ரெயில் ஏறினாள். ரெயிலில் வைத்து நவரட்ணத்துக்காக எண்பத்தாறாயிரம் அடித்தாள். அதோடு வெட்டக்கூடியதெல்லாம் முடிந்தது. இனி மிச்சம் இருந்தது பந்து, மட்டை, கடைசி வரி.

நாலேகாலுக்கு மேசை நிறைந்தது. யோகராணி மட்டன் றோல்ஸ் கொண்டுவந்திருந்தார். சுவரில் இருந்த பெரிய திரையில் அட்சயா மூன்றாவது கோப்பைப் போட்டாள், இடக்கையன் இல்லாத பட்டியலை. அன்ட்ரூ பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார். ஜதுர்சன் இருக்கிறான், நல்லது என்றார். நவரட்ணமும் நல்லது என்றார். பிரவீனனும் நல்லது என்றான். பிறகு இரண்டு பேரும் மேசைக்குக் கீழே கையை விட்டு ரெலிபோனை எடுத்தார்கள்.

அட்சயாவின் ரெலிபோன் இரண்டு தரம் அதிர்ந்தது.

முதலாவது பிரவீனனுடையது. ஷரோன் சொல்லுகிறார் மற்ற ஆள் எண்பத்தாறாம். தொண்ணூற்றைந்து போடும். உம்முடைய வரியில் எடுக்கலாம். எங்கட பிள்ளைதானே நீர், வாற வருசம் பாப்பம். கடைசி நேரத்திலை இடக்கையன் உள்ள பட்டியலை ஏத்தும்.

இரண்டாவது நவரட்ணத்துடையது. அவர் நீட்டி எழுதமாட்டார். மோடன் விடமாட்டான். நூறு போடு. உன்ர வரியை வெட்டு. நீ எங்கட பிள்ளை, நான் பிறகு பாத்துக்கொள்ளுறன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். மேசையின் ஒரு தலைப்பில் நவரட்ணம் றோல்ஸைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். மற்றத் தலைப்பில் பிரவீனன் பெருவிரலை உயர்த்திக் காட்டினான். இரண்டு பேருக்கும் இடையில் பன்னிரண்டு அடி இருக்கும். ஒரு பந்தெறிகாரனுக்கு அது ஒரு தூரமே இல்லை.

திரையின் மூலையில் மணி நாலு நாற்பது.

அட்சயா கணக்குப் பார்த்தாள், வேறு எதுவும் செய்யத் தெரியாததால். நூறு போட்டால், முப்பத்தோராயிரம் பெறுமதியான ஒருவனை நூறாயிரத்துக்கு வாங்கியிருப்பார்கள். அவன் எறிகிற பந்தைப் பிடிக்க ஆள் இல்லை. போக பஸ் இல்லை. அவன் எவ்வளவு மோசமாக எறிகிறான் என்று கணக்குப் பார்க்கவும் ஆள் இல்லை. போடாமல் விட்டாலும் எண்பத்தாறு நிபந்தனை இல்லாமல் நிற்கிறது. ஐந்து மணிக்கு அது சட்டப்படி ஒப்பந்தம். அதைத் திருப்பி எடுக்கிற உரிமை போட்டவருக்கு மட்டும், அதுவும் ஐந்து மணி வரைக்கும் மட்டும். போட்டவர் றோல்ஸ் சாப்பிடுகிறார்.

சொன்னால் மாமாவுக்கும் மருமகனுக்கும் ஒரே மேசையில் வெட்கக்கேடு. இரண்டு பேருமாகச் சேர்ந்து யாரில் கோவிப்பார்கள் என்பதற்குப் புள்ளிவிவரவியல் தேவையில்லை. சொல்லாவிட்டால் வரி போகும். சொன்னாலும் போகும். இரண்டு வழியிலும் விடை ஒன்றாக வருகிற கணக்கை அவள் படித்த காலத்தில் விரும்பியதில்லை. இப்போது அது அவளுக்கு ஒருவகை ஆறுதலாக இருந்தது.

அன்ட்ரூ கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஏன் அனுப்பவில்லை, பட்டியல் சரிதானே என்று கேட்டார். நவரட்ணம் இருக்கட்டும், அவசரமில்லை என்றார். பிரவீனனும் அவசரமில்லை என்றான். நாலு நாற்பத்தெட்டு. அன்ட்ரூ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த அணியில் இரண்டு பேர் ஒரே மறுமொழி சொன்னால் ஏதோ கோளாறு என்று அவருக்கும் இதற்குள் பழகியிருந்தது.

ரெலிபோன் திரும்பவும் இரண்டு தரம் அதிர்ந்தது. இந்தமுறை அது மேசையின் மேலே இருந்தது. வெறும் பலகை மேசை. எல்லாருக்கும் கேட்டது.

யோகராணி காசோலைப் புத்தகத்தை மூடினார். இந்த மூன்று நாளில் அவரிடமிருந்து புருசன் ஒரு பாங்க் டிராஃப்டுக்கும் மருமகன் இன்னொன்றுக்கும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், எதற்கென்று சொல்லாமல். அதைப் பற்றிக் கேட்காமல் அவர் அட்சயாவின் முகத்தைத்தான் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஆர் உன்னை உப்பிடி அவதிப்படுத்துறது?"

அட்சயா லப்ரொப்பை மூடினாள். இனிப் பார்த்துப் பதில் சொல்ல அவளுக்கு முன்னால் எதுவும் இல்லை, ஆட்களைத் தவிர. எழும்பி நின்றாள். கதிரை பின்னுக்குப் போய்ச் சுவரில் இடித்தது. நவரட்ணத்தின் கண் சிமிட்டல் பாதியில் நின்றது. மணி நாலு ஐம்பத்திரண்டு.

"அங்கிள், நீங்கள் சொன்ன அந்த மோடன் பிரவீனன் அண்ணா," என்றாள். குரல் அவள் நினைத்ததை விடப் பெரிதாக வந்தது. "அண்ணா, உங்கட வயசுபோன விசரன் அங்கிள். மூண்டு நாளா நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர்தான் ஏலம் போடுறியள். ரெண்டு ஓஃபரையும் அடிச்சது நான்."